8 ஜிபி ரேமுடன் இன்னொரு 8 ஜிபி: ஒரே கம்பெனி ஸ்டிக்தான் போட வேண்டுமா?

படச்சட்டம் | கும்பகோணம் | வெள்ளி இரவு 10:12

வணக்கம். கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கிய வருமானம். கம்ப்யூட்டர் 2018ல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ5-8400, பி360 மதர்போர்டு, நான்கு ரேம் ஸ்லாட். அதில் டிடிஆர்4 ரகம், 2400 வேகம், 8 ஜிபி ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தது.

12க்கு 36 அங்குல ஷீட்டில் வேலை செய்தால் போட்டோஷாப் திணறுகிறது என்று போன வாரம் இன்னொரு 8 ஜிபி வாங்கினேன். 2400 ஸ்டாக் இல்லை, 3200 போடலாம், ஒன்றும் ஆகாது என்றார்கள். பழைய ஸ்டிக்குக்குப் பக்கத்து ஸ்லாட்டில் செருகினேன். டிஸ்பிளே வரவில்லை. என் தம்பி இரண்டையும் கழற்றி, தங்கப் பற்கள் இருக்கும் பக்கத்தை அழிரப்பரால் நன்றாகத் தேய்த்துத் திரும்பப் போட்டான். வந்துவிட்டது. 16 ஜிபி காட்டியது.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. நேற்று இரவு முடித்துச் சேமித்த ஷீட்டை இன்று காலை திறந்தால், மணப்பெண்ணின் கூறைப்புடவைக்குக் குறுக்கே ஒரு பச்சைக் கோடு. விரல் நீளம், முடி அகலம். கேமராவிலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கோடு இல்லை. போட்டோஷாப் இரண்டு முறை தானாக மூடிக்கொண்டது. ஒரு முறை நீலத் திரையும் வந்தது.

வேறொரு கடையில் கேட்டேன். வேற கம்பெனி ஸ்டிக் போட்டால் அப்படித்தான், இரண்டையும் கொடுத்துவிட்டு ஜோடியாக வாங்குங்கள் என்கிறார்கள். இப்போது ரேம் விற்கிற விலைக்கு ஜோடி வாங்க முடியாது. ஒரே கம்பெனி, ஒரே வேகம் என்பது கட்டாயமா? 23ஆம் தேதி ஆல்பம் கொடுக்க வேண்டும்.

---

மின்மினி | கோவை | வெள்ளி இரவு 10:40

அண்ணா, கம்பெனி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கம்ப்யூட்டரில் வேலையை நிறுத்துங்கள். எதையும் திறந்து சேமிக்காதீர்கள். கேமரா மெமரி கார்டில் வேறு கல்யாணம் ஏதாவது காப்பி எடுக்காமல் இருந்தால், இந்த மெஷினில் காப்பி எடுத்துவிட்டு கார்டை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

ஃபைல் எதுவானாலும் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். ரேமில் ஒரு பிட் மாறினால் மாறியதுதான் எழுதப்படும். டிஸ்க்குக்கு அது தப்பு என்று தெரியாது. உங்கள் பச்சைக் கோடு அப்படி வந்ததாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, தெரியாதது எத்தனை என்று இப்போது சொல்ல முடியாது.

புதிய ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்டிக் மட்டும் போட்டு, நாளை இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் எந்த ஸ்லாட்டில் பழையது இருந்தது, எதில் புதியதைப் போட்டீர்கள்? புதிய ஸ்டிக்கின் ஸ்டிக்கரில் என்னென்ன எண்கள் இருக்கின்றன? பயாஸில் (ஆன் செய்ததும் வரும் மதர்போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பி என்று, ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுகிற எதையாவது ஆன் செய்தீர்களா?

---

வேகத்தடை | சென்னை | வெள்ளி இரவு 11:05

நான் ஜோடி கட்சி. அனுபவத்தில் சொல்கிறேன்.

என்னுடையது ஏஎம்டி ரைசன் 5 3600 ப்ராசசர். 8 ஜிபி இரண்டு கொண்ட கிட், 3200 சிஎல்16 (சிஎல் என்பது ரேம் பதில் சொல்ல எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை). இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் அதே கம்பெனி, அதே மாடல், டப்பாவில் அதே நம்பர் என்று பார்த்துப் பார்த்து இன்னொரு கிட் வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினேன். தினமும் ஒரு முறையாவது ரீஸ்டார்ட் ஆகும். சிபியு-இசட் என்ற, ரேம் விவரம் காட்டும் மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழைய இரண்டில் ஒரு கம்பெனி சிப், புதிய இரண்டில் வேறு கம்பெனி சிப். ஒரே டப்பாவுக்கே இந்த நிலை என்றால், வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வேகம் எப்படிச் சேரும்? ரேம் வாங்கினால் ஒரே டப்பாவில் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்.

---

கல்தூண் | மதுரை | சனி காலை 6:20

வேகத்தடை தம்பி சொல்வது உண்மை. ஆனால் அவர் நிலைமையும் ஸ்டுடியோக்காரர் நிலைமையும் ஒன்றல்ல.

ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டி சிப் இருக்கிறது. இந்த ஸ்டிக் எவ்வளவு கொள்ளளவு, குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் கொடுத்தால் பதில் சொல்லும் என்ற அட்டவணை அதில் எழுதியிருக்கும். ஆன் செய்தவுடன் பயாஸ் எல்லா ஸ்டிக்கின் அட்டவணையையும் படித்து, யாருக்கும் கஷ்டமில்லாத வேகத்தையும் டைமிங்கையும் தேர்ந்தெடுக்கும். 2400ம் 3200ம் சேர்ந்தால் இரண்டும் 2400ல் ஓடும். இந்த ஏற்பாடு ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்தது. வேறு கம்பெனி ஸ்டிக்குகள் சேர்ந்து ஓடுவதற்காகவே இருக்கிற ஏற்பாடு இது.

எக்ஸ்எம்பி வேறு கதை. 3200 சிஎல்16 என்று டப்பாவில் போட்டிருப்பது தர அட்டவணை வேகம் அல்ல. 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் கொடுத்து, கம்பெனி சோதித்துப் பார்த்து எழுதிய வேகம். கிட் என்றால் அந்த இரண்டு ஸ்டிக்கும் அந்த வேகத்தில் சேர்ந்து ஓடும் என்று சோதித்த ஜோடி. இரண்டு கிட்களை ஒன்றாகப் போட்டு அந்த வேகத்தில் ஓடுமா என்று யாரும் சோதிக்கவில்லை.

தவிர, நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டியே 3200 தருவதில்லை. ரேங்க் என்பது ஸ்டிக்கில் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் சிப் கூட்டம். சிங்கிள் ரேங்க் ஸ்டிக் நான்கு என்றால் 2933, டூயல் ரேங்க் நான்கு என்றால் 2667. தம்பி, நீங்கள் 2933 வைத்துப் பார்த்தீர்களா?

---

வேகத்தடை | சனி காலை 9:31

ஐயா, கடைசியில் 2933தான் வைத்தேன். எட்டு மாதமாக ரீஸ்டார்ட் இல்லை. அதற்குக் காரணம் ஏஎம்டியின் இந்தக் கணக்கு என்று இப்போதுதான் தெரிகிறது. சிப் வேறு என்பதையே நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

---

படச்சட்டம் | சனி காலை 10:15

சகோதரி, பார்த்துவிட்டேன். பழைய ஸ்டிக் ப்ராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் இருந்தது. புதியதை முதல் ஸ்லாட்டில் போட்டிருந்தேன். கேபிள் இடிக்கவில்லை என்பதால் அங்கே போட்டேன், வேறு காரணம் இல்லை.

புதிய ஸ்டிக்கரில் 8 ஜிபி, 1ஆர்எக்ஸ்8, பிசி4-3200, சிஎல்22, 1.2 வோல்ட். பழையதில் 1ஆர்எக்ஸ்8, பிசி4-2400, சிஎல்17. பயாஸில் நான் எதையும் தொடவில்லை. பழைய ஸ்டிக் மட்டும் போட்டு சிபியு-இசட் பார்த்தால் டிராம் ஃப்ரீக்வென்சி 1200 என்று காட்டுகிறது. 2400 அல்லவா காட்ட வேண்டும்?

---

மின்மினி | சனி மதியம் 1:50

1200 சரிதான். டிடிஆர் என்றாலே ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா. 1200ஐ இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்டிக்குகள் உண்மையில் நல்ல பொருத்தம். 1ஆர்எக்ஸ்8 என்றால் ஒரே ரேங்க், 8 பிட் அகலமுள்ள சிப்கள். இரண்டிலும் அதேதான். புதியது 1.2 வோல்ட், சிஎல்22 என்பதால் தர அட்டவணையிலேயே 3200 போகக்கூடியது, எக்ஸ்எம்பி இல்லாமல். 2400க்கு இறங்கி ஓட அதற்கு எந்தச் சிரமமும் இல்லை. ஐ5-8400ம் பி360ம் எப்படியும் 2666க்கு மேல் போகாது. அதனால் 3200 வாங்கியதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

தவறு இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்லாட்.

நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசசரிலிருந்து வரிசையாக ஏ1, ஏ2, பி1, பி2 என்று இருக்கும். சேனல் என்றால் ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் டேட்டா போகிற வழி. ஏ இரண்டும் ஒரு சேனல், பி இரண்டும் இன்னொரு சேனல். நீங்கள் இரண்டையும் ஏ சேனலிலேயே போட்டுவிட்டீர்கள். ஒரு சேனல் 64 பிட் அகலம். 2400 வேகத்துக்கு நொடிக்கு 19.2 ஜிபி. ஸ்டிக்குகளை ஏ2, பி2 என்று பிரித்துப் போட்டால் 38.4. உங்கள் இரண்டாவது வழி காலியாகவே கிடந்தது.

ஏன் 2, 4? பல போர்டுகளில் வயர் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவது ஸ்லாட்டில் போய் முடியும். முதலாவதில் மட்டும் ஸ்டிக் போட்டால், மிச்சமிருக்கும் வயரின் வெறும் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வரும், கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருவது போல. முனையில் ஸ்டிக் இருந்தால் அந்த எதிரொலி குறையும். மதர்போர்டு புத்தகத்தில் ஒரு படம் இருக்கும், அதில் எந்த ஸ்லாட் முதலில் என்று போட்டிருப்பார்கள். உங்கள் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

ஆனால் ஒரே சேனலில் போட்டால் வேகம் குறையும், கோடு விழாது. அதனால்தான் இரண்டாவது சந்தேகம் எனக்குப் பெரியது. ஸ்டிக் கெட்டிருக்கலாம், அல்லது ஸ்லாட்.

சோதிக்கிற முறை: மெம்டெஸ்ட்86+ என்று ரேமைச் சோதிக்கிற மென்பொருள் இருக்கிறது, இலவசம். வேறு கம்ப்யூட்டரில் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் தடுத்தால் பயாஸில் தற்காலிகமாக அணையுங்கள். ஏ2வில் பழைய ஸ்டிக் மட்டும் போட்டு முழுதாக ஓட விடுங்கள். அப்புறம் அதே ஏ2வில் புதியது மட்டும். இரண்டும் தேறினால், அதே ஸ்டிக்கை ஏ1ல் போட்டு ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று வந்தாலும் தேறவில்லை. ஒன்றுதானே என்று விட்டவர்கள் கணக்கு ஃபைலை இழந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். 14 வருடமாக சர்வீஸ் பார்க்கிறேன், ஹார்ட் டிஸ்க் போனது என்று கொண்டுவருகிற கேஸ்களில் சில கடைசியில் ரேமாக இருக்கும்.

---

சிறுதுளி | திருநெல்வேலி | சனி மாலை 4:22

அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். என்னிடம் ரைசன் 5 5600ஜி, இரண்டு ஸ்லாட் போர்டு, 3200 8 ஜிபி ஒன்று. கிராபிக்ஸ் கார்டு இல்லை. கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. இரண்டாவது 8 ஜிபி போட்டால் வித்தியாசம் தெரியுமா, இல்லை பணத்தைச் சேர்த்து கார்டு வாங்கட்டுமா?

---

கல்தூண் | சனி மாலை 5:03

முதலில் ஸ்டிக். உன் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, உன் ரேமையே எடுத்துக்கொள்கிறது. ஒரே சேனலில் நொடிக்கு 25.6 ஜிபியை ப்ராசசரும் கிராபிக்ஸும் பங்குபோடுகின்றன. இரண்டு ஸ்டிக் வந்தால் 51.2. தனி கார்டு வைத்திருப்பவருக்கு இரண்டு சேனல் என்பது ஓரளவு லாபம்தான், உனக்கு நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். 8 ஜிபி ஸ்டிக்கே வாங்கு, 4 வாங்காதே.

---

வடலி | யாழ்ப்பாணம் | சனி இரவு 8:47

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கந்தோரில் கழித்த ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கினேன், மகளின் படிப்புக்கு. ஐ5-3470, டிடிஆர்3 4 ஜிபி. அதிலும் 3.4 ஜிபிதான் பாவிக்கலாம் என்று காட்டுகிறது. இணையத்தில் ஒரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் மற்றவற்றைவிட நல்ல மலிவாகக் கிடக்கிறது. ஏஎம்டிக்கு மட்டும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ரேமில் இன்டெல், ஏஎம்டி என்று வித்தியாசம் இருக்கிறதோ?

---

மின்மினி | சனி இரவு 9:30

அண்ணா, அதை வாங்காதீர்கள். முறையான ரேமில் அந்த வித்தியாசம் கிடையாது. அந்த மலிவு ஸ்டிக்கில் இருப்பவை 4 பிட் அகல சிப்கள், சர்வருக்குச் செய்தவை. இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகள் அவற்றை ஏற்காது. அதை வாங்கிவிட்டு போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ஈசிசி ஸ்டிக்கும் அப்படித்தான், உங்கள் போர்டில் ஓடாது.

சாதாரண டிடிஆர்3 1600 வாங்குங்கள், 1.5 வோல்ட். டிடிஆர்3எல் என்று 1.35 வோல்ட்டில் கிடைத்தாலும் உங்கள் போர்டில் போடலாம், அது 1.5லும் ஓடும்படி செய்ததுதான். லேப்டாப் ஸ்டிக் பாதி நீளம், செருகவே முடியாது. வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். டிடிஆர்3, 4 இரண்டும் ஒரே நீளம், சுமார் 13.3 செ.மீ. ஆனால் டிடிஆர்3க்கு 240 பற்கள், டிடிஆர்4க்கு 288, நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4ன் அடி விளிம்பு நடுவில் லேசாகப் புடைத்திருக்கும், மேசை மேல் நிறுத்தினால் தெரியும்.

4ஐக் கழற்ற வேண்டாம். 4ம் 8ம் சேர்ந்தால் முதல் 4ம், எட்டில் பாதியான 4ம் இரண்டு சேனலாக ஓடும், மீதி 4 ஒரே சேனலில் ஓடும். 12 ஜிபியும் பயன்படும்.

அதைவிட முக்கியம்: 3.4 என்று காட்டுவதால் உங்கள் விண்டோஸ் 32 பிட் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4ஐத் தாண்டாது. முதலில் 64 பிட் ஏற்றுங்கள்.

---

வடலி | சனி இரவு 9:52

பார்த்தேன், 32 பிட் தான். ஸ்டிக்குக்குக் காசு கட்டவே போனேன். மெத்தப் பெரிய உபகாரம் அக்கா.

---

படச்சட்டம் | ஞாயிறு இரவு 9:18

இரண்டு நாள் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

நேற்று மாலை ஏ2வில் பழைய ஸ்டிக். மூன்று சுற்று, பிழை பூஜ்யம். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரவு ஏ2வில் புதிய ஸ்டிக் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலை வரை ஓடியிருக்கிறது, பூஜ்யம். கடைக்காரர்மேல் இருந்த கோபம் அதோடு போனது, அவர் கொடுத்தது நல்ல பொருள்தான்.

காலையில் ஏ1ல் புதியது. பதினொரு நிமிடத்தில் சிவப்பு வரி. ஒன்று, இரண்டு, அப்புறம் நிற்கவில்லை. அணைத்துவிட்டு ஏ1ல் பழையதைப் போட்டேன். ஏ2வில் பூஜ்யம் வாங்கிய அதே ஸ்டிக். அதற்கும் சிவப்பு.

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் தரையில் படுக்க வைத்து, மொபைல் டார்ச்சை ஸ்லாட்டுக்கு நேராகப் பிடித்தேன். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, ஸ்லாட்டின் இடது கோடியில் சாம்பல் நிறத்தில் சுருண்டுகொண்டு ஏதோ ஒட்டியிருந்தது. எறும்புத் தலை அளவுகூட இல்லை. லென்ஸ் துடைக்கிற ஊதியை எடுத்து இரண்டு முறை அழுத்தினேன். பறந்து வந்து போர்டு மேலேயே விழுந்தது. அழிரப்பர் துகள். தம்பி தேய்த்தபோது பற்களில் ஒட்டியது, செருகும்போது உள்ளே போயிருக்கிறது. அதன் பின்னால் இன்னும் மூன்று துகள், கொஞ்சம் தூசி. எல்லாவற்றையும் ஊதி எடுத்தேன்.

திரும்ப ஏ1ல் பழைய ஸ்டிக். நான்கு சுற்று. பூஜ்யம்.

---

மின்மினி | ஞாயிறு இரவு 9:44

அண்ணா, நான் கேட்டிருக்க வேண்டும். முதல் பதிவிலேயே அழிரப்பர் என்று எழுதியிருந்தீர்கள், என் கண்ணில் படவில்லை. நம் ஊரில் டிஸ்பிளே வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான், பல நேரம் வேலையும் செய்யும். ஆனால் தேய்த்தபின் பற்களைத் துடைக்காமல் செருகக் கூடாது. முடிந்தால் அழிரப்பரையே தவிருங்கள், அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு நுனியில் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போட்டால் போதும்.

முதல் தடவை டிஸ்பிளே வராததற்குக் காரணம் ஸ்டிக் சரியாக உட்காராததாக இருக்கலாம். ஏழு வருடம் திறந்து கிடந்த ஸ்லாட்டில் தூசி இருந்திருக்கும். இரண்டு முனையிலும் கிளிப் டக் என்று விழும்வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் நிற்பது அடிக்கடி நடக்கும்.

இப்போது ஏ2, பி2. செருகுமுன் பி2வையும் டார்ச் அடித்துப் பார்த்து ஊதிவிடுங்கள். பவர் கார்டைப் பிடுங்கியபின் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். ஸ்டிக்கைத் தொடுமுன் கேபினட்டின் வெறும் இரும்பைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்து இன்றிரவு மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். தனித்தனியாகத் தேறிய ஸ்டிக்குகள் சேர்ந்தால் தேறாமல் போவதும் உண்டு.

---

வேகத்தடை | ஞாயிறு இரவு 10:20

என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். எக்ஸ்எம்பி வேகம் வேண்டுமென்றால் ஜோடியாக வாங்க வேண்டும். தர அட்டவணை வேகத்தில் ஓட்டுபவருக்கு அது கட்டாயமில்லை. என் பேச்சைக் கேட்டு அவர் இரண்டு நல்ல ஸ்டிக்கையும் விற்றிருந்தால், புதிய ஜோடியை அதே துகள் இருந்த ஸ்லாட்டில் போட்டு அதே கோட்டைத்தான் பார்த்திருப்பார்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அங்கே நான்கு ஸ்டிக் இன்னும் கடினம். ரைசன் 7000க்கு இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கு போட்டால் 3600 என்றுதான் ஏஎம்டி கணக்கு. பிற்பாடு இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாமல், முதலிலேயே வேண்டிய அளவுக்கு இரண்டு ஸ்டிக்காக வாங்கிவிடுங்கள். புதிய ஸ்டிக் போட்ட முதல் தடவை திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கும். ரேமை அளவெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பயந்து அணைத்துவிடாதீர்கள்.

---

கல்தூண் | திங்கள் காலை 6:05

இன்றைய நிலையில் ஜோடி என்பது பலருக்குக் கைக்கு எட்டாது. ஏஐ சர்வர்களுக்காக மெமரி உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்து, 2025 கடைசியில் விலை செங்குத்தாக ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான், நாம் வாங்கும் க்ரூஷியல் ஸ்டிக் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. க்ரூஷியல் ஒன்று வைத்துக்கொண்டு அதற்கு ஜோடி தேடுபவருக்கு இனி செகண்ட் ஹாண்ட்தான் வழி.

செகண்ட் ஹாண்ட் வாங்கினால் கடையிலேயே ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். கொள்ளளவு, 1ஆர்எக்ஸ்8 போன்ற எண், வேகம், வோல்ட் இந்த நான்கும் உங்கள் ஸ்டிக்கோடு ஒத்துப்போனால் கம்பெனியைப் பார்க்க வேண்டாம். 8 ஜிபியில் 1ஆர்எக்ஸ்16 என்றால் நான்கே சிப் இருக்கும், ஓடும், ஆனால் உள்ளே பேங்க் குரூப் (சிப்புக்குள் இருக்கும் மெமரிப் பிரிவுகள்) பாதி என்பதால் கொஞ்சம் மெதுவு. டெஸ்ட் செய்ய இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

---

படச்சட்டம் | திங்கள் இரவு 11:36

ஏ2, பி2வில் இரண்டும் சேர்த்து இரவு முழுக்க ஓடியது. பூஜ்யம். சிபியு-இசட்டில் இப்போது டூயல் என்று காட்டுகிறது, 1200, சிஎல்17.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 12க்கு 36 ஷீட் 300 டிபிஐயில் என்றால் 3600க்கு 10800 பிக்சல். மூன்று நிறத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு முழு லேயரே சுமார் 117 எம்பி. நான் 20, 25 லேயர் வைப்பேன். 8 ஜிபி எப்படிப் போதும்? இதை முன்பே கணக்குப் போட்டிருந்தால் மூன்று வருடம் முன்பே வாங்கியிருப்பேன், அப்போது விலையும் குறைவு. 40 ஷீட்டையும் ஜேபெக்காக எடுக்க முன்பு 26 நிமிடம் ஆகும். இன்று 11.

---

மின்மினி | செவ்வாய் காலை 8:10

அந்த 15 நிமிடத்தில் பெரும்பகுதி 16 ஜிபி கொடுத்தது, இரண்டு சேனல் கொடுத்தது கொஞ்சம். முன்பு ரேம் நிரம்பி எஸ்எஸ்டியில் எழுதிப் படித்துக்கொண்டிருந்தது, அது இப்போது நின்றிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து ஒரு ஷீட் எடுத்துப் பாருங்கள், மெமரி 14ஐத் தொடாவிட்டால் உங்களுக்கு இதுவே போதும்.

பச்சைக் கோடு விழுந்த ஆல்பத்தை என்ன செய்தீர்கள்?

---

படச்சட்டம் | செவ்வாய் இரவு 12:48

13.1 வரை போனது.

அந்த இரண்டு நாளில் சேமித்த ஷீட் மொத்தம் 17. ஒவ்வொன்றையும் நூறு சதவீதத்தில் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக நகர்த்தி, மனைவியும் நானும் சேர்ந்து பார்த்தோம். கோடு மூன்றில் இருக்கிறது. கூறைப்புடவை ஷீட், நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் ஷீட், அப்புறம் தாத்தா ஆசீர்வாதம் செய்கிற ஷீட். அந்தத் தாத்தாவின் நெற்றியில், விபூதிக்கு நடுவில் இருந்தது, மனைவிதான் கண்டுபிடித்தாள். நான் இரண்டு தடவை தாண்டிப் போயிருந்தேன்.

கார்டுகளை இன்னும் ஃபார்மட் செய்யவில்லை, வெள்ளி இரவு நீங்கள் சொன்னதால். அந்த நாட்களில் காப்பி எடுத்த படங்களையெல்லாம் அழித்துவிட்டு கார்டிலிருந்து மறுபடி எடுத்தேன். மூன்று ஷீட்டையும் முதலிலிருந்து செய்கிறேன். இரண்டு முடிந்தது. தாத்தா ஷீட் பாதியில் இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் தூங்க வேண்டும்.